யூதர்களுக்கென்று ஒரு விளையாட்டு விழா: சரியா, தவறா?

மக்காபியா என்று ஒரு விளையாட்டுப் போட்டி இருக்கிறது. உலகெங்கும் உள்ள யூத விளையாட்டு வீரர்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இஸ்ரேலில் கூடி விளையாடுகிறார்கள். நம் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் சின்ன விஷயம் இல்லை. 2022-இல் நடந்த 21-ஆவது போட்டிக்குச் சுமார் 60 நாடுகளிலிருந்து 10,000 பேர் வந்தார்கள். தொடக்க விழாவுக்கு அமெரிக்க அதிபர் பைடனே போயிருந்தார். அடுத்த போட்டி 2025 ஜூலையில் நடக்க வேண்டியது. இஸ்ரேல்-ஈரான் சண்டை மூண்டதால் 2026-க்குத் தள்ளிவைத்தார்கள்.

இந்தச் செய்தியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, என்னோடு மாலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் ஒரே போடாகப் போட்டார்: "மதத்தைப் பார்த்து ஆள் சேர்த்து ஓட்டப் பந்தயம் வைத்தால் அதற்குப் பெயர் விளையாட்டா சார்? வகுப்புவாதம்."

அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஒரு கூட்டத்தார் தனியாக விளையாடுகிறார்கள் என்றால், முதலில் அவர்கள் ஏன் தனியாகப் போனார்கள் என்று கேட்க வேண்டும். அடுத்து, இன்று அந்த மைதானத்துக்கு வெளியே நிற்பவர்கள் யார் என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு மக்காபியாவிடம் நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அரைகுறைப் பதில்தான் இருக்கிறது.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். கத்தோலிக்க விவிலியத்தில் மக்கபேயர் என்று இரண்டு நூல்கள் உண்டு. கிறிஸ்தவ நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கஸ் என்ற கிரேக்க வம்சத்து அரசன் யூதர்களின் வழிபாட்டில் கை வைத்தான். அவனை எதிர்த்து யூதா மக்கபே என்பவரும் அவருடைய சகோதரர்களும் ஆயுதம் தூக்கினார்கள். அவர் பெயரைத்தான் இந்தப் போட்டிக்கு வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் யூதப் பெரியவர்களுக்குக் கோபம் வந்த காரணங்களில் ஒன்று, எருசலேமில் கிரேக்க பாணியில் கட்டப்பட்ட உடற்பயிற்சிக் கூடம்! குருமார்கள் பலிபீட வேலையை விட்டுவிட்டு வட்டெறிதல் பார்க்க ஓடினார்கள் என்று அந்த நூல் குறைப்பட்டுக்கொள்கிறது. விளையாட்டு மோகத்தைக் கண்டு கொதித்தவர்களின் பெயர், இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒரு விளையாட்டு விழாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஏன் வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உடற்பயிற்சிச் சங்கங்கள் புற்றீசல் போலக் கிளம்பின. அவற்றில் பலவற்றில் யூதர்களைச் சேர்ப்பதில்லை. 1895-இல் கான்ஸ்டாண்டிநோபிளில், அங்கிருந்த ஜெர்மானியர் சங்கத்தில் இடம் மறுக்கப்பட்ட யூத இளைஞர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1898-இல் பாசல் நகரில் கூடிய சியோனிச மாநாட்டில் மாக்ஸ் நோர்டாவ் என்ற மருத்துவர், புத்தகத்தில் தலையைப் புதைத்துக் கூன் விழுந்த யூதனுக்கு இனி உடல் வலிமையும் வேண்டும் என்று பேசினார். அந்தப் பேச்சுக்குப் பிறகு இத்தகைய சங்கங்கள் ஊர் ஊராகப் பெருகின. 1921-இல் அவையெல்லாம் சேர்ந்து உலக மக்காபி ஒன்றியம் ஆயின.

யூதர்களுக்கென்று ஒரு ஒலிம்பிக் நடத்தலாம் என்ற யோசனை யோசேஃப் யெக்குதியேலி என்பவருடையது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் செய்தியைக் கேட்டபோது அவருக்கு வயது பதினைந்து. அன்று மனத்தில் விழுந்த விதை முளைக்க இருபது ஆண்டு ஆயிற்று. 1930, 31-ஆம் ஆண்டுகளில் டெல் அவீவிலிருந்து இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்பி ஐரோப்பாவுக்குப் போய், யூதர்கள் வாழும் ஊர்களில் நிறுத்தி நிறுத்தி அழைப்புக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குத் தட்டோடு வீடு வீடாகப் போய் அழைப்போமே, அதைப் போலத்தான். 1932 மார்ச்சில் முதல் போட்டி நடந்தது. சுமார் 390 பேர் வந்தார்கள். டெல் அவீவ் மேயர் டிசன்கோஃப் வெள்ளைக் குதிரையில் ஏறி ஊர்வலத்துக்கு முன்னால் போனதால், அதை வெள்ளைக் குதிரை மக்காபியா என்று இன்றும் சொல்கிறார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1935-இல் நடந்த இரண்டாவது போட்டி. ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. 28 நாடுகளிலிருந்து சுமார் 1,350 பேர் வந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த யூதர்கள் அணிவகுப்பில் தங்கள் நாட்டின் நாஜிக் கொடியைப் பிடிக்க மறுத்துவிட்டார்கள். பல்கேரியாவிலிருந்து வாத்தியக் குழுவோடு வந்த பெரிய அணியினர் போட்டி முடிந்ததும் வாத்தியங்களையும் சாமான்களையும் மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது அந்தப் போட்டியின் பிரசித்தி பெற்ற கதை.

அப்போது பாலஸ்தீனம் பிரிட்டிஷார் நிர்வாகத்தில் இருந்தது. குடியேறுவோருக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஆனால் விளையாட வருபவனுக்குச் சுற்றுலா அனுமதி கொடுத்துத்தானே ஆக வேண்டும்? வந்தவர் பதிவேட்டையும் போனவர் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்த குமாஸ்தாவை நினைத்துக்கொள்கிறேன். கணக்கு எப்படி ஒத்துப்போகும்? வாழ்நாளெல்லாம் பேரேட்டைச் சரிபார்த்த எனக்கு அந்த மனிதன்மேல் கொஞ்சம் அனுதாபம் உண்டு. ஆனாலும் அந்தக் கணக்கு ஒத்துப்போகாதது நல்லதுதான். ஊர் திரும்பிய ஜெர்மானியர், போலந்துக்காரர் எத்தனை பேரின் கதி என்னவாயிற்று என்பது நமக்குத் தெரியும். அடுத்த போட்டி 1938-இல் நடந்திருக்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பான குடியேற்றம் நடக்கும் என்ற பிரிட்டிஷாரின் பயத்தாலும், பிறகு யுத்தத்தாலும் அது நடக்கவில்லை. மூன்றாவது மக்காபியா 1950-இல்தான் நடந்தது.

"பொது ஒலிம்பிக் இருக்கும்போது இவர்களுக்குத் தனியாக எதற்கு?" என்று கேட்பவர்கள் 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் உயரம் தாண்டும் வீராங்கனை கிரெட்டல் பெர்க்மன் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு தேசிய சாதனையைச் சமன் செய்தவர். யூதப் பெண் என்பதால் அவரை அணியிலிருந்து விலக்கிவிட்டார்கள். வியன்னாவின் ஹாகோவா என்ற யூதச் சங்கத்தைச் சேர்ந்த நீச்சல் வீராங்கனை யூடித் டாய்ச், பெர்லினுக்குப் போக மாட்டேன் என்று தாமே மறுத்தார். ஆஸ்திரிய நீச்சல் சங்கம் அவருக்குத் தடை விதித்து, அவர் வாங்கிய பட்டங்களையும் பறித்தது. அவற்றைத் திருப்பிக் கொடுக்க 1995 வரை ஆயிற்று.

இன்னொருவர் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தக் காலத்துப் பாடப் புத்தகத்தில் நெப்போலியனுக்கு எத்தனையோ பக்கம் இருந்தது. 1940-இல் ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி அரசாங்கத்துக்கு ஒரு பக்கத்துக்கு மேல் இருந்ததாக நினைவில்லை. ஆகவே ஆல்ஃபிரெட் நக்காஷ் என்ற பெயரை நான் பள்ளியில் கேட்டதே இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்டும்போதுதான் தெரிந்தது.

நக்காஷ் அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டீன் நகரத்து யூதர். நீச்சல் வீரர். 1935 மக்காபியாவில் பிரான்ஸ் சார்பாக 100 மீட்டர் நீச்சலில் வெள்ளி வாங்கினார். மறு ஆண்டே பெர்லினில் ஹிட்லர் முன்னிலையில் நீந்தினார். தொடர் நீச்சலில் அவருடைய பிரான்ஸ் அணி நான்காவதாக வந்தது, ஜெர்மனி ஐந்தாவது. 1941-இல் 200 மீட்டரில் உலக சாதனை படைத்தார்.

ஆனால் அதற்கு முன்பே, 1940 அக்டோபரில், விஷி அரசு ஒரே ஆணையில் அல்ஜீரிய யூதர்கள் எல்லாருடைய பிரெஞ்சுக் குடியுரிமையையும் ரத்து செய்திருந்தது. 1870-இல் க்ரெமியூ ஆணை மூலம் கிடைத்த உரிமை அது. மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுக்காரராக இருந்தவர்கள் காலையில் எழுந்தபோது யாருமில்லாதவர்கள் ஆனார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1962-இல் ஆறு மாதக் கெடு கொடுத்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. இன்று இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையும் இரண்டு விதமாக இருக்கிறது. நமக்காவது தேர்ந்தெடுக்க விட்டார்கள். நக்காஷை யாரும் கேட்கவில்லை. காகிதம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும்.

1943-இல் துலூஸ் நகரத்தில் நடந்த பிரான்ஸ் தேசியப் போட்டியில் நக்காஷ் நீந்தக் கூடாது என்று தடுத்தார்கள். அவருடைய சங்கத்துத் தோழர்கள், நாங்களும் நீந்த மாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்த ஆண்டு முடிவதற்குள் அவரையும் மனைவியையும் இரண்டு வயதுப் பெண் குழந்தையையும் பிடித்துக்கொண்டுபோய், 1944 ஜனவரியில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். மனைவியும் குழந்தையும் அங்கே கொல்லப்பட்டார்கள். இவரைக் காவலர்கள் தண்ணீர்த் தொட்டியில் குதிக்கச் சொல்லி, அடியில் போட்ட கத்தியைப் பல்லால் கவ்வி எடுத்து வரச்சொல்லி வேடிக்கை பார்த்தார்களாம். அவர் பிழைத்தார். அவர் இறந்துவிட்டதாக எண்ணி, துலூஸில் ஒரு நீச்சல் குளத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டிருந்தார்கள். அந்த ஊருக்குத் திரும்பி வந்து, மறுபடி தண்ணீரில் இறங்கி, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்காக நீந்தினார். மனைவி மக்களைக் காட்டிக்கொடுத்த அதே நாட்டின் கொடிக்காக!

இன்னொருவர் ஆக்னஸ் கெலெட்டி, ஹங்கேரியின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. பொய்ப் பெயரில் ஒளிந்து வாழ்ந்து உயிர் தப்பியவர். தந்தை ஆஷ்விட்ஸில் இறந்தார். ஒலிம்பிக்கில் பத்துப் பதக்கம், அதில் ஐந்து தங்கம். 1956-இல் மெல்பர்னில் இருந்தபோது சோவியத் படை ஹங்கேரிக்குள் புகுந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. 1957 மக்காபியாவுக்கு வந்தவர் இஸ்ரேலிலேயே தங்கி, அந்த நாட்டின் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 2025 ஜனவரியில், 104 வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது காலமானார்.

இவர்களுடைய கதையை வைத்துப் பார்த்தால், தனியாக விளையாடியது குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளியே தள்ளப்பட்டவன் தன் திண்ணையில் உட்கார்ந்துகொள்வதும், வீட்டுக்காரன் அடுத்தவனை வாசலில் நிறுத்துவதும் ஒன்றல்ல. ஒலிம்பிக் ஓட்டப் பந்தயங்களில் பெண்களைச் சேர்க்காத காலத்தில், ஆலிஸ் மில்லியா என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1922-இல் பாரிசில் பெண்களுக்கென்றே தனி ஒலிம்பிக் நடத்திக் காட்டினார். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒலிம்பிக் கதவு கொஞ்சம் திறந்தது. ஜெர்மனியிலிருந்து தப்பி ஓடிவந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1948 லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, தம் மருத்துவமனையில் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்குக்கு அதுதான் மூலம். தனியாகத் தொடங்கியதெல்லாம் பிரிவினை ஆகிவிடாது.

நண்பர் சொன்ன பாதி நியாயத்துக்கு வருகிறேன். நம் நாட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. பம்பாயில் இந்து, முஸ்லிம், பார்சி, ஐரோப்பியர் என்று அணி பிரித்து கிரிக்கெட் ஆடினார்கள். பிறகு மிச்சமுள்ளவர்களுக்கெல்லாம் 'ரெஸ்ட்' என்று ஐந்தாவது அணி. இந்தியக் கிறிஸ்தவரும் யூதரும் அதில்தான் ஆடலாம். கிறிஸ்தவரான விஜய் ஹசாரே அந்த அணிக்காக ஆடி, இந்து அணிக்கு எதிராக மொத்தம் 387-இல் தனியாளாக 309 அடித்ததைப் பழைய கிரிக்கெட் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையிலும் பொங்கலுக்குப் பொங்கல் சேப்பாக்கத்தில் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் பிரசிடென்சி மேட்ச் நடந்தது. பம்பாய்ப் போட்டியை 1940-இல் காந்திஜி எதிர்த்தார். சுதந்திரம் வருமுன்பே அது நின்றுபோயிற்று. நின்றது நல்லதே என்பதுதான் என் எண்ணம்.

அப்படியானால் அதற்கு ஒரு நீதி, மக்காபியாவுக்கு ஒரு நீதியா? வித்தியாசம் இருக்கிறது. பம்பாயில் ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருவில் வாழ்கிறவர்களை மதம் பார்த்து எதிரெதிராக நிறுத்தினார்கள். மக்காபியாவில் பல நாடுகளில் சிதறிக் கிடப்பவர்கள், அந்தந்த நாட்டின் பெயரில் வந்து தங்களுக்குள் ஆடுகிறார்கள். இந்தியாவிலிருந்தும் நம் யூதர்கள் போயிருக்கிறார்கள். முதல் தரத்துக்கும் அங்கே குறைவில்லை. மார்க் ஸ்பிட்ஸ் 1965-இல் பதினைந்து வயதில் மக்காபியாவில் நான்கு தங்கம் வாங்கினார். ஏழு ஆண்டு கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம். ஆனால் பெரும்பாலோர் சாதாரண ஆட்கள். முதியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. சதுரங்கமும் சீட்டாட்டமான பிரிட்ஜும்கூட உண்டு. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு உறவுக்காரர்கள் கூடுவதைப் போல ஒரு கூடல்.

அதே மியூனிக்கில்தான் இஸ்ரேல் அணியினர் பதினோரு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்காக ஒலிம்பிக் தொடக்க விழாவில் மௌன அஞ்சலி செலுத்த 49 ஆண்டு பிடித்தது. 2021 டோக்கியோவில்தான் அது நடந்தது. பொது மைதானம் எல்லாருக்கும் சமமாகப் பொதுவாக இருந்ததில்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இனி மறுபக்கம். குடும்ப விழா என்றாலும் பொறுப்பு உண்டு. 1997 தொடக்க விழாவில் மைதானத்துக்குள் நுழைவதற்காக யார்க்கோன் ஆற்றின்மேல் தற்காலிக நடைபாலம் போட்டார்கள். ஆஸ்திரேலிய அணி அதில் நடக்கும்போது பாலம் உடைந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள்; அவர்களில் மூவரைக் கொன்றது ஆற்றின் அசுத்தம்தான். பொறியாளர், ஒப்பந்தக்காரர்கள், அமைப்புக் குழுத் தலைவர் என்று ஐந்து பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு எதுவும் புதிதாக இருக்காது. ஆனால் தலைவர் வரைக்கும் தண்டித்தார்களே, அதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய கேள்வி வேறு. 1935-இல் ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலமான அதே மண்ணிலிருந்து 1948-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் வீடிழந்து போனார்கள். மக்காபியா விதிப்படி இஸ்ரேல் குடிமக்கள் எந்த மதத்தவரானாலும் ஆடலாம், அரபியர்களும் ஆடலாம். விதி நல்ல விதி. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம்? 2023 அக்டோபரில் ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்றது. அதை நியாயப்படுத்த எந்தச் சொல்லும் இல்லை. அதன்பின் காஸாவில் நடந்ததையும் நியாயப்படுத்த முடியாது. பாலஸ்தீனப் பெலே என்று பேர் வாங்கிய கால்பந்து வீரர் சுலைமான் அல்-உபைத், 41 வயதுக்காரர், 2025 ஆகஸ்டில் உணவு உதவிக்காகக் காத்திருந்தபோது இஸ்ரேலியத் தாக்குதலில் இறந்தார் என்று அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. யூதர்கள்மேல் இரக்கம் உள்ளவன் இவருக்காக இரக்கப்படக் கூடாது என்று சட்டம் இல்லை. நக்காஷின் கதையைப் படித்து மனம் கலங்கியவனால்தான் இவருடைய கதையையும் சரியாகப் படிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் கருத்து இது. மக்காபியா நடக்கட்டும், அதை வகுப்புவாதம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. ஆனால் கதவடைப்பின் வேதனையிலிருந்து பிறந்த விழா அது. அதை நடத்துகிறவர்களுக்கு மற்றவர்களைவிட ஒரு கடமை கூடுதலாக இருக்கிறது. அணிவகுப்பில் அரபுக் குடிமக்களை நாலு பேராக, பார்வைக்காக நிறுத்தினால் போதாது. பக்கத்து மண்ணில் பிறந்த பிள்ளைக்கும் ஓடுவதற்கு ஒரு மைதானம் வேண்டும் என்று அந்த மேடையில் யாராவது ஒருவராவது வாய் திறந்து சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். சேப்பாக்கத்தில் பிரசிடென்சி மேட்சை நேரில் பார்த்த மூத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நினைவில் இருப்பதை நாலு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவில் சேர்த்துக்கொள்கிறேன்.